ஆள் எடைப் பேரேடு

கூத்தாநல்லூர் கடைத்தெருவில்
பினாங்குத் துறைமுகத்தின் படம் மாட்டிய ஏஜென்சி.
அங்கே எனக்கு வேலை
ஆட்களை நிறுப்பது.

சிரிக்காதீர்கள்.
அந்த விமானத்துக்கு இரண்டே காற்றாடி.
ஏறுகிறவன் கனம் தெரியாமல்
எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவதென்று
பைலட்டுக்குத் தெரியாது.
வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு
திருச்சிக்குத் தந்தி போகவேண்டும்:
பெயர், பெட்டி, ஆள், ஆக மொத்தம் இத்தனை ராத்தல்.

தராசு லெட்சுமாங்குடி ரைஸ் மில்லில் கழித்துவிட்டது.
எத்தனை துடைத்தாலும் பலகையிடுக்கில் தவிடு.
சலவை வேட்டிக்காரர்கள்
செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்குவார்கள்,
நெல்மூட்டை நின்ற இடத்தில் தான் நிற்பதா என்று.
நின்றார்கள்.

பெட்டிக்குக் கட்டணம் உண்டு, உடம்புக்கு இல்லை.
அதனால் சித்திரை வெயிலில்
ஆறு சட்டையோடு ஏறினார் காதர் ஒலி.
ஜுலைகா பீவி ஏறியபோது
எலுமிச்சை ஊறுகாய் மணந்தது.
நான் முள்ளை மட்டும் பார்த்தேன்.

வலப்பக்கம் போனவர்கள்.
இடப்பக்கம், அங்கிருந்து தந்தியில் வரும்
திரும்பியவர்களின் எடை.
சேகு தாவூது போனது நூற்றுப் பதினெட்டு,
வந்தது நூற்று எழுபத்தொன்று.
ஊரே கண்ணால் நிறுத்ததை
நான் மையால் எழுதினேன்.
வடபாதிமங்கலம் வைரக்கண்ணு போனது தொண்ணூற்றொன்பது.
அவருக்கு நேரே இடப்பக்கம்
ஆள் கட்டத்தில் ஒரு கோடு.
பெட்டி, இருபத்திரண்டு ராத்தல்.

சனிக்கிழமை காலை அது நம் தலைமேல் போகும்.
ஜன்னலை எண்ணலாம், அவ்வளவு தாழ்வு.
நடவுக்காரிகள் இடுப்பை நிமிர்த்த
அதைவிட நல்ல சாக்கு கிடையாது.
கங்காணியும் அண்ணாந்துதான் நிற்பான்.

அறுபத்தொன்று ஆடியில்,
வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம்,
கம்பெனியிலிருந்து கனத்த உறை.
நவீன ஜெட் விமானங்கள் ஐந்து வாங்கியிருக்கிறார்களாம்.
வழவழப்பான தாளில் வண்ணப்படம்.
முதலாளி அலாவுதீன் ராவுத்தர்
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தேடினார்:
"காத்தாடி எங்கடா?"

நூற்று இருபது பேர் உட்காரலாம்.
நாலு மணி நேரம்.
வாந்தி வராத உயரம்.
திருச்சி ஓடுதளம் நீளம் பத்தாது,
இனி எல்லாரும் மெட்ராஸ் போய் ஏறவும்.

கடைசிப் பாராவில் என் வேலை:
பயணிகளைத் தனித்தனியே நிறுக்கத் தேவையில்லை.
ஓர் ஆளுக்கு நூற்று அறுபத்தைந்து ராத்தல் என்று
கணக்கில் கொள்ளவும்.

அன்று ராத்திரி
லாந்தர் வைத்துக்கொண்டு பேரேட்டைக் கூட்டினேன்.
ஒன்பது வருஷம். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேர்.
போனவர் சராசரி நூற்றுப் பதினான்கு.
இரண்டு தரம் கூட்டினேன், அதேதான்.
ஆளுக்கு ஐம்பத்தொரு ராத்தல்
இல்லாததை ஏற்றிக்கொண்டு
பறக்கப்போகிறது அந்த வெள்ளிக் கப்பல்.
அதைத் தூக்கவும்
பெட்ரோல் ஊற்றத்தானே செய்வார்கள்?

ராவுத்தர் என்னை நிறுத்தவில்லை.
மெட்ராஸ் டாக்ஸிக்கு ஆள் சேர்த்துவிடும் பொறுப்பு தந்தார்.
பொம்மை ஜெட் ஒன்று ஷோகேஸுக்கு வந்தது.
மதரஸா விட்ட பிள்ளைகள் மூக்கை அழுத்தி அழுத்தி
கண்ணாடி முழுக்க எண்ணெய் வட்டம்.
சனிக்கிழமை வானத்தில் கொக்குதான்.
கங்காணிக்குக் கொண்டாட்டம்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு பகலில்,
பொதக்குடிப் பையன், ஹபீப் முகம்மது,
டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு
சொல்லாமலே தராசில் ஏறி நின்றான்.
அவன் வாப்பா அப்படித்தான் போனாராம்.

வேண்டாம் தம்பி, அதெல்லாம் எடுத்தாச்சு என்று சொல்ல
வாயெடுத்தேன்.
கை அதற்குள் படிக்கல்லை நகர்த்திவிட்டது.
நூற்றெட்டு.

"எவ்வளவு அண்ணே?"

"கம்பெனி கணக்குல நீ நூத்தி அறுபத்தஞ்சு.
எதிர்த்தாப்ல கறிசோறு போடுறாங்க,
சாப்டுட்டு டாக்ஸி ஏறு."