தொடர எஃப்-ஒன்னை அழுத்தவும்

முதுநகர் ஐஸ் பேக்டரியில்
மூன்று நாளாய் விழிக்காத பெட்டி.
'அண்ணன் வரலையா?' என்றார் இருசப்பன்.
போனில் பேசிய அண்ணன் நான்தான் என்றேன்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
உட்காரவில்லை. எனக்குத் தரையில்தான் வேலை.

திருகாணிகளின் தலையை
உப்புக்காற்று தின்றிருந்தது.
குறடால் கடித்து இழுத்தேன்.
மூடி கழன்றதும்
பல்லிமுட்டை ஓடு இரண்டு,
ஐஸ்மேல் தூவுகிற உமி எப்படியோ ஒரு கைப்பிடி.
விசிறியின் இறக்கைகள்
தூசியில் கம்பளி போர்த்தியிருந்தன.

சுவிட்சைத் தட்டினால் சுற்றுகிறது,
பச்சை விளக்கும் எரிகிறது,
திரை மட்டும் கறுப்பு.
பிறகு மூன்று முறை கூவுகிறது, நீளமாக,
துறைமுகத்து மீன் ஏலத்தில்
மூணாந்தரம் சொல்லி நிறுத்துவதுபோல்.

வாசலில் ஒருவர், கையில் டீ கிளாஸ்.
'வருமா?'
'பார்க்கலாம்.'
'வராதுன்னாலும் சொல்லிடும்மா. பழைய மிஷின்தானே.'
நோயாளியின் சொந்தக்காரருக்கு இருக்கவேண்டிய கவலை
அந்தக் குரலில் இல்லை.
இருசப்பன் குனிந்து சொன்னார்:
'தேசப்பன். ரெண்டு போட்டு.
பாக்கி லிஸ்ட்ல மொதப் பேரு.'

ரேம் சில்லை உருவினேன்.
தங்கப் பல்வரிசை முழுக்கக் கறை.
ரப்பர் இருக்கா என்று கேட்டேன்.
லோடு எழுதும் பையன்
காதில் செருகியிருந்த பென்சிலை நீட்டினான்.
பின்பக்கம் பாதியைக் கடித்துத் தின்றிருந்தான்,
மிச்சம் போதும்.
தேய்க்கத் தேய்க்க
உருண்டு உருண்டு விழுந்தது
இத்தனை வருஷம் கடல் எழுதியது.

செருகினேன். க்ளிக்.
மூணாந்தரம் கேட்கவில்லை.
ஒரே ஒரு சின்னக் குரல்,
பிறகு திரையில் வெள்ளை எழுத்து:
கீபோர்டு இல்லை.
தொடர எஃப்-ஒன்னை அழுத்தவும்.
சிரித்துவிட்டேன்.
வீடு பூட்டியிருக்கிறது,
சாவியை உள்ளே வந்து வாங்கிக்கொள்
என்பதுபோல.
ஊதா முனையைப் பிடுங்கி மறுபடி குத்தினேன்.

தேதி: 2002, ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
உள்ளே காசளவு பேட்டரி செத்து எத்தனை நாளோ.
நான் வயரைக் கழற்றிய நேரம் பார்த்து
அங்கே போய்ப் படுத்துக்கொண்டது.

இருசப்பன் அவசரப்பட்டுக் கணக்கைத் திறந்தார்.
தேசப்பன், இன்றுவரை பாக்கி: பூஜ்யம்.
அடுத்த பெயருக்கும் பூஜ்யம்.
கீழே இறங்க இறங்கப் பூஜ்யம்.
இன்னும் யாரும்
ஒரு பார் ஐஸ்கூட வாங்கியிருக்கவில்லை.

டீ கிளாஸ் உள்ளே வந்திருந்தது.
என் தோளுக்குப் பின்னால் நின்று
உதடு அசையப் படித்தார் தேசப்பன்.
அந்த வருஷம் அவருக்குப் படகே கிடையாதாம்,
அடுத்தவன் படகில் வலை இழுத்தாராம்.
'படுத்தா தூக்கம் வரும்' என்றார்.
பிறகு, மெதுவாக:
'அப்படியே விட்டுடேம்மா.'

சுவருக்கு அப்பால் கம்ப்ரஸர்
இருமிவிட்டு மறுபடி ஓடியது.
இருசப்பன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.
எழுந்து போய்
நாள்காட்டியில் கிழிக்காமல் நின்ற
மூன்று தாள்களைக் கிழித்தார்,
ஒவ்வொன்றாக.

புது பேட்டரி என் பையில் இருந்தது.
போட்டேன்.
இன்றைய தேதியைத் தட்டினேன்,
நிமிஷம் வரைக்கும் சரியாக.
நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு.
திரும்பிப் பார்த்தேன்,
கிளாஸ் மட்டும் ஜன்னல் கட்டையில்,
அடியில் இன்னும் ஒரு மடக்கு.

கூலி நானூற்றைம்பது என்றேன்.
இருநூறு கொடுத்தார் இருசப்பன்.
'மீதி, போட்டுக்காரங்க காசு வந்ததும்.'
சொல்லிக்கொண்டே புதுப் பக்கம் திறந்து
ஒற்றை விரலால் தேடித் தேடி
என் பெயரை அடித்தார்.
'இனிஷியல் என்னம்மா?'