மூன்றே முக்கால்

சூரியன் வருமுன்
கரையை ஒழித்து வைக்க வேண்டும்.
ஊர்க்காவல் படை, தினப்படி,
ஒரு மூங்கில் கம்பு, ஒரு விசில்.
ஐந்து மணிக்கெல்லாம் விடுதிகளிலிருந்து
போர்வையும் செல்போனுமாய் ஜனம் இறங்கும்.
அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே
ஒருவரும் படுத்திருக்கக் கூடாது.

காந்தி மண்டபத்துப் பின்சுவர்,
பூட்டிய சங்குக் கடைகளின் தகரத் தாழ்வாரம்,
வள்ளம் ஏற்றும் சரிவு.
சில நாள் இருபது பேர், சில நாள் முப்பது.
பாதத்தில் தட்டுவேன்.
தலையில் தட்டாதே என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஏனோஸ் மட்டும்
நான் போகும்போதே உட்கார்ந்திருப்பான்.
"மூணே முக்கால் ஆச்சா சாரே?"
அவன் கையில் கடிகாரம் கிடையாது.

இந்த ஊரில் தண்டவாளம் முடிகிறது.
முட்டுக்கட்டை, அதற்கப்பால் தென்னை.
எந்தெந்த ஊரிலோ
ஏற்றிவிடப்பட்டவர்கள் இங்கே இறங்குகிறார்கள்,
இதற்குமேல் ரயில் போகாது என்பதால்.
ஏனோஸ் திருவட்டாற்றுக்காரன்தான்.
ஆனாலும் சுற்றிக்கொண்டு ரயிலில்தான் வந்தான்.

"பம்பாயில தரைக்கு வாடக உண்டு சாரே.
குடுத்தா ஒருத்தனும் எழுப்பமாட்டான்.
பெங்களூர்ல பெஞ்சு உண்டு, கெடக்க முடியாது,
நடுவுல கம்பி.
எழும்பூர்ல ஒரு ஏட்டு,
செருப்ப ஓரமா நகத்தி வச்சிட்டுத்தான் எழுப்புவாரு.
பேரு மறந்து போச்சு, பாத்தியளா.
தம்பானூர்ல வண்டியில ஏத்தி
மொட்டையடிச்சு, குளிப்பாட்டி, போட்டோ எடுத்தாவ.
மறுநாள் அதே பிளாட்பாரம்.
தலைக்குக் குளிருதான் மிச்சம்."

நம்ம ஊரு?

"இங்க சூரியனாக்கும் எழுப்புது.
ஒங்களக் குத்தம் சொல்லமாட்டேன்."

கார்த்திகை பிறந்தது.
பேருந்து பேருந்தாய்க் கறுப்பு வேட்டிகள்.
சன்னிதித் தெருவிலிருந்து கடல்வரை
பையைத் தலைக்கு வைத்து
வரிசையாய்ப் படுத்துக் கிடந்தார்கள்.
ஆய்வாளர் சொன்னார்: சாமிமாரைத் தொடாதே.
கூடுதல் விளக்கு போட்டார்கள்,
தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்,
நடமாடும் கழிப்பறை பதினான்கு.
அதே தரை.

அன்று பின்சுவரில் ஏனோஸ் இல்லை.
சரிவில், ஆந்திரத்துச் சாமிமார் எட்டுப் பேருக்கு அருகே
ஒன்பதாவதாய் ஒருவன்,
கறுப்பு வேட்டியை முகம்வரை இழுத்துக்கொண்டு.
சுண்டுவிரல் இல்லாத இடது பாதம்
வெளியே நீண்டு கிடந்தது.
எத்தனை விடியலில் தட்டிய பாதம்.
கம்பைத் தூக்கினேன்.
கழுத்தில் துளசி மணி. ஞாயிறு தவறாமல்
கோயில் வாசலில் நிற்கிறவன்,
ஞானஸ்நானம் பெற்றவன்.
கண் திறக்காமலே சொன்னான்:
"சாமி சரணம்."
நானும் திருப்பிச் சொன்னேன்.
அதற்கு வேறு பதில் கிடையாது.

இரண்டு மாதம் ஒறங்கினான்.
கன்னத்தில் சதை பிடித்தது.
அன்னதானப் பந்தியில் இலை போட்டார்கள்.
தாடி நரைத்திருந்ததால்
குருசாமி என்று இரண்டு பையன்கள் காலில் விழுந்தார்கள்.
அதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

தை இரண்டாம் தேதி பேருந்துகள் போய்விட்டன.
கழிப்பறைகளை லாரியில் ஏற்றினார்கள்.
கரையில் மிஞ்சிய ஒரே கறுப்பு வேட்டியைக் காட்டி
ஆய்வாளர் கேட்டார்,
இந்தச் சாமிக்கு எந்த ஊர்?
நான் கடலைப் பார்த்தேன்.

வடசேரியில் இறக்கினால்
நாகர்கோவில்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.
களியக்காவிளையில் விட்டால்
அந்தப் பக்கத்துக்காரர்கள்.
ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே என்றால்
கேட்க ஆளில்லை. காற்று மட்டும்.
வண்டி அங்கேதான் போகும்.

ஏறுமுன் மணியைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.
"வார கார்த்திகைக்கு வேணும் சாரே.
தொலச்சிராதீங்க."
சட்டைப் பையில், விசிலுக்கு அடியில்
வைத்திருக்கிறேன்.
விசிலை எடுக்கும்போதெல்லாம் நூல் சிக்குகிறது.

இன்று மூன்றே முக்காலுக்கு
பத்தொன்பது பேரை எழுப்பினேன்.
மணலில் ஒரு புதுத் தம்பதி,
ஒரே சால்வைக்குள், உதயம் பார்க்க வந்தவர்கள்,
தூங்கிவிட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனேன்.
பின்சுவரில் ஏனோஸின் இடத்தில்
ஒரு நாய் சுருண்டு கிடந்தது.
அதை எழுப்பச் சொல்லி
எனக்கு உத்தரவில்லை.