நடு இடம்

இரண்டு மாதமாகச் சுங்கத்தில் கிடக்கிறது
நான் கேட்ட நூறு மில்லிகிராம் அமிலம்.
படிவத்தைப் பார்த்துவிட்டு ஸ்டோர் மருதாசலம் கேட்டார்:
"கஞ்சா சமாச்சாரமுங்களா மேடம்?"
சமாச்சாரம்தான்.
அந்தச் செடி தட்டுகிற கதவை
மண்டைக்குள்ளிருந்தே தட்டும் கொழுப்பு ஒன்று உண்டு;
செடி பிறத்தியார், இது வீட்டாள் என்றேன்.
அவர் "எண்ணெய்" என்று குறித்துக்கொண்டார்.

எண்ணெய்க்கா பஞ்சம்?
காங்கேயத்தில் டாங்கர் டாங்கராக நிற்கிறது.
ஆனால் நான்கு இடத்தில் வளைந்த இந்தச் சங்கிலி
தேங்காய்க்குத் தெரியாது.
கோழிக்குத் தெரியும். மஞ்சள் கருவில் வைக்கும்.
ஆகவே நாமக்கல்லிலிருந்து பன்னிரண்டு அட்டை முட்டை.
வெள்ளைக் கரு விடுதி மெஸ்ஸுக்குப் போனது.
மூன்று நாள் வெளுத்த ஆம்லெட் தின்ற பிள்ளைகள்
எங்கள் துறையையே திட்டினார்கள்.

அசிட்டோன், காரம், நைட்ரஜன் பலூன்.
அப்புறம் யூரியா.
நெல்லுக்குப் போடுகிறதேதான், கொஞ்சம் சுத்தம்.
சூடான மெத்தனாலில் கரைத்து ஆறவிட்டால்
ஊசி ஊசியாக உறைந்து
நேரான சங்கிலிகளைத் தன் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும்.
வளைந்தவை நுழைய முடியாமல்
நீர்மத்திலேயே நின்றுவிடும்.
நேரானதை வடிகட்டி எறிந்து
கோணலைப் பத்திரப்படுத்துவதற்கு
எனக்குச் சம்பளம்.

அஃப்ரின் அதைக் கிளிசராலின் நடுக் கார்பனில் கட்டினாள்.
ஓரத்தில் யாரும் கட்டிவிடலாம்.
நடுவில் இருந்தால்தான் அது பேசும்.
கொஞ்சம் சூடு பட்டாலோ,
சிலிக்காவில் சற்று நேரம் கூடினாலோ
மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.
எடை மாறாது. ஓர் அணு குறையாது.
குரல்தான் கம்மிவிடும்.

அது சொல்வது என்ன?
நரம்புகளுக்கிடையே சேதி
சொல்கிறவனிடமிருந்து கேட்கிறவனுக்குப் போகிறது, ஓயாமல்.
இது ஒன்றுதான் எதிர்த்திசையில் நடக்கிறது.
கேட்கிறவன் சொல்லி அனுப்புவது:
போதுங்க.

நான் குடியிருப்பது சோமனூர்.
பின்சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு விசைத்தறி.
அவை ஓடும்வரை நன்றாகத் தூங்குவேன்.
புரட்டாசியில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு, கரண்ட் போனது.
ஊரே விழித்துக்கொண்டது.
மூன்று வீடு தள்ளி ஒருவர் இருமுவது கேட்டது,
எங்கோ ஒரு செருப்பு நடப்பது கேட்டது.
பிறகு பீளமேட்டு ஃப்ரீசர் ஞாபகம் வந்தது.

வாட்ச்மேன் குப்புராசு போனில் சொன்னார்:
"இங்கயும் இல்லீங்க.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தலீங்க."
ஐந்து மாத வேலை அந்தப் பெட்டிக்குள்
மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

அஃப்ரினின் மாமாவுக்கு உக்கடத்தில் மீன் லாரி.
நான் அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டரை விரட்டி வந்து சேர்வதற்குள்
தெர்மாகோல் பெட்டியும் இரண்டு கை கல் உப்புமாக
லேப் வாசலில் நின்றாள்.
ஐஸுக்குள் இரண்டு மத்தி தவறி வந்திருந்தன.
அவற்றைக் குப்புராசு வாங்கிக்கொண்டார்.

காலை ஆறரைக்கு என்.எம்.ஆரில் போட்டோம்.
நடுவில் எழுபத்தெட்டு, ஓரத்தில் இருபத்திரண்டு.
மொத்தம் பதினோரு மில்லிகிராம்.
முந்நூற்று அறுபது முட்டைக்கு இது.
நோட்டில் குறிப்பு என்ற கட்டத்தில்
"மீன் ஐஸ், உப்பு, மூன்று மணி நேரம்" என்று எழுதினேன்.
எழுதாமல் விட்டிருக்கலாம்தான்.

அஃப்ரின் கருவியின் முனகலுக்குப் பக்கத்தில்
மேசைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்,
கையில் இன்னும் மீன் வாடை.
அந்த நெற்றிக்குள்
முட்டையில்லாமல், பலூன் இல்லாமல்,
சவ்வின் ஓரத்திலிருந்து கிள்ளி எடுத்து
இந்நேரம் அது செய்யப்படும், சொல்லப்படும்,
வேலை முடிந்ததும் உடைக்கப்படும்.
ஃப்ரீசர் எதற்கு?

ஸ்பெக்ட்ரத்தை அச்செடுத்து
அவள் முழங்கைக்கடியில் செருகிவைத்தேன்.
எழுந்ததும் பார்த்துக்கொள்ளட்டும்.