பன்னிரண்டு வரிசை

ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றின்மேல் காவல் எனக்கு.
நாராப்ரிக்கு மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர்,
பருத்தி விதைக்கும் அக்டோபர்,
ஈ மொய்க்கும் கண்ணாடிச் சன்னல்.

"கொரோனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றதும்
மெல்பனில் தம்பி நிரோஷன் பதறினான்:
"திரும்பவுமா? மாஸ்க் இருக்கா?"
இது அதுவல்லடா, அதற்குப் பெயர் கொடுத்த மகுடம்.
முழுக் கிரகணத்தன்று மட்டும் தலைகாட்டுவது.
அடுப்பைவிட்டு விலகியும் சூடு ஏறுவது,
ஏனென்று இன்னும் எவரும் முடிவாகச் சொல்லாதது.

நாலு நாளாய் நகர்ந்துவந்த கரும்புள்ளிக் கூட்டம்,
அதன்மேல் வளைவு வளைவாய் நூல்கள்.
நூற்கும் ஊசிக்கும் கதிர் என்றுதானே பெயர்;
அடியில் அதை யாரோ திரிப்பதுபோல்
ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு.
முறுக்கு மிஞ்சிய நூல்
தன்மேலேயே சுருண்டு விழும்.

பத்து நாற்பத்தொன்று.
அறுந்தது.
அறுந்த நுனி பக்கத்து நூலோடு முடிந்துகொண்டது.
மிச்சமான இழுவிசையெல்லாம் வெளிச்சம்.
அதுவும் எட்டு நிமிடம் பழைய வெளிச்சம்.
நான் நாற்காலியை இழுத்தபோது
அங்கே பாதி முடிந்திருந்தது.

தேநீர்க் கோப்பையோடு கிரெட்டா கேட்டாள்:
"தீ மகுடத்தைக் கலைத்ததா,
மகுடம் குலைந்ததால் தீ வந்ததா?"
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
நேரம், இடம், வலிமை, அவ்வளவுதான்.
நான் பார்த்தது:
வெடித்த இடத்தின் இருபுறமும் மகுடம் மங்கி
இரண்டு கரிய பள்ளம்,
யாரோ எழுந்துபோன மெத்தைபோல.
இருந்தது கிளம்பிவிட்டது.
நம் பக்கமா என்பது நாளைதான் தெரியும்.

சிற்றலை வானொலி அடங்கியது.
பதினொன்று பத்துக்கு டாரில் மக்கின்டயர் போன்.
"டிராக்டர் தானே ஓட்டிக்கொண்டிருந்தது,
தானே ஒரு முழம் விலகிவிட்டது.
உங்க ஆள் வேலையா?"
எங்க ஆள்தான் என்றேன்.

புதன்கிழமைக்குள் மகுடம் பள்ளத்தைத் தூர்த்துக்கொண்டது.
நூல்கள் தாழ்ந்து, படிந்து,
ஒன்றும் நடவாததுபோல.

ஜனவரியில் டாரிலின் வேலியோரம் வண்டியை நிறுத்தினேன்.
அடிவானம்வரை நேர்கோடாய்ப் பச்சை.
ஓரிடத்தில் மட்டும் பன்னிரண்டு வரிசையும் ஒருசேர
ஒரு முழம் இடறி,
பிறகு நேராகின்றன.

அந்த வளைவிலும் பூ வந்திருந்தது.