ஐந்துக்கு எத்தனை மெழுகுவத்தி

முதலில் பூனையைச் சொல்லிவிடுகிறேன்.
அலமாரிக்குள்ளிருந்து பூனை பாய்ந்தால்
அரை மெழுகுவத்தி குறைப்பேன்.
அதே படத்தில் இரண்டாம் முறையும் பாய்ந்தால்
விமர்சனத்தில் இயக்குநரின் பெயர் இருக்காது.
பூனையின் பெயர் இருக்கும்.

கயானியில் டிசம்பர் மாதம்
இரண்டரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால்
இந்த ஊர்ப் பேய்களுக்கு ஓய்வே கிடையாது.
இரவு பத்திலிருந்து ஆறு வரை
நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
மீதி நேரம் பயந்துபார்க்கிறேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்களுக்காக.

எங்கள் பத்திரிகை நூலகத்து ஜெராக்ஸில் பிறப்பது.
மை தீர்ந்துபோன மாதம்
ரத்தக்காட்டேரிகள் எல்லாம் வெளிர்சாம்பலில் வந்தன.
'இதுதான் சரியான நிறம்' என்று
நான்கு பேர் கடிதம் போட்டார்கள்.

இவர்கள் எளிதில் பயப்படுகிறவர்கள் இல்லை.
கழுத்தில் கோடாரி இறங்கும்போது
சூப்பை உறிஞ்சிக்கொண்டே
'பிடி ரப்பர், வளையுது பார்' என்பவர்கள்.
சோத்கமோவிலிருந்து உர்ஹோ கேட்கிறார்:
ஏரியிலிருந்து எழுந்த அந்தப் பிணத்துக்கு
இரண்டே மெழுகுவத்தியா?
உங்கள் உடம்பில் ஓடுவது ரத்தமா, டீசலா?

டீசல்தான், உர்ஹோ.
மைனஸ் முப்பதில் அதுவும் கெட்டியாகிறது.
தண்ணீரைவிட்டு எழுந்த பிணத்துக்குத்
தலைமுடி காய்ந்திருந்தது.
நான் என்ன செய்ய?

போன மாத நாவல் அறுநூறு பக்கம்.
மாளிகை, சாபம், பூட்டிய அறை, எல்லாம் சரி.
ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில்
ஒரு பேராசிரியர் ரயிலில் வந்து இறங்குகிறார்.
விளக்கு வைத்தால் பேய் ஓடும்.
விளக்கம் வைத்தாலும் ஓடும்.
ஒன்றரை.

பிறகு அந்தக் காமிக்ஸ்.
பதினாறு பக்கம், ஸ்டேப்லர் பின் துருவோடு,
அனுப்பியவர் பெயர் இல்லை.
படீர் இல்லை, க்ரீச் இல்லை, ஆஆஆ இல்லை.
ஒரு நடைவழி. சுவரில் ஒரு ஸ்விட்ச்.
பக்கத்துக்குப் பக்கம் அதே நடைவழி, அதே ஸ்விட்ச்.
ஒன்பதாம் பக்கத்தில் ஸ்விட்ச் கீழே இருக்கிறது.
யாருடைய விரலும் வரையப்படவில்லை.
பத்தாம் பக்கத்திலிருந்து பழையபடி.

ப்பூ என்று மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.
நடுப்பகல். உறக்கம் கண்ணைச் சுற்றியது.
எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு,
என் வீட்டு நடைவழிக்குப் போய்
ஸ்விட்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.
இரண்டு முறை.

மூன்று வரி எழுதினேன். இரண்டை அடித்தேன்.
மிச்சம்: 'பகலில் படிக்கவும்.'
எத்தனை மெழுகுவத்தி என்றார் ஆசிரியர் தாவெத்தி.
போடாதீங்க.
அந்த இடம் காலியாத் தெரியுமே?
தெரியட்டும்.

நேற்று விடிகாலை நாலு இருபது.
மரக்கிடங்குத் தெரு, அப்போதுதான் விழுந்த பனி.
வண்டி வெளிச்சத்தில் காலடிகள்.
நடைபாதையைவிட்டு இறங்கிச்
சாலையின் நடுவரை வந்திருந்தன.
பதினொன்று.
அங்கேயே முடிந்திருந்தன.

பழக்கதோஷம், மதிப்பெண் போட்டேன்.
பின்னணி இசை இல்லை, நல்லது.
ஒளிப்பதிவு உறுத்தவில்லை.
கரு கொஞ்சம் அரதப்பழசு, அரை குறைக்கலாம்.
பன்னிரண்டாவது அடியை வைக்காத துணிச்சலுக்கு
அதில் பாதியைத் திருப்பித் தரலாம்.

இறங்கிப் பார்த்திருக்கலாம்தான்.
இப்படி இறங்கிப் பார்க்கிற பெண்களைத்தான்
பதினான்கு வருடமாக
'அசடு' என்று எழுதிவருகிறேன்.

தகட்டைத் தாழ்த்தினேன்.
பதினொன்றையும் வாரி ஓரத்தில் தள்ளினேன்.
அதற்குத்தான் சம்பளம்.

பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை.
கண்ணாடியில் எதையாவது காட்டும் படத்துக்கு
முழுதாக ஒன்று குறைப்பவள் நான்.