கிலோவுக்கு அறுபது

வத்தலக்குண்டிலிருந்து சுருட்டி வந்தது புல்தரை,
பாய்க்கடைப் பாய்போல லாரியில் அடுக்கி
வளைவுக்கு வளைவு ஈரம் சொட்ட.
பூம்பாறைக்கு மேலே
சரிவை வெட்டி நிரவிய ரிசார்ட்டில்
நானும் சகாயராணியும் விரித்தோம்.
பாய்க்குள் யாரோ படுத்திருந்ததை
ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் வாரம் அது எழுந்தது.
புல் ஒரு விரல் வளர்வதற்குள் இது நாலு விரல்.
தண்டைக் கிள்ளி உருட்டிப் பார்த்தேன்.
உருளவில்லை. மூணு பட்டை.
‘கோரை’ என்றேன்.
ஆன்டோ சார் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு
‘கிழங்கோட எடு, கிலோவுக்கு அறுபது’ என்றார்.

குந்தியிருந்து கிளறினால் முதலில் ஒரு முடிச்சு.
அதிலிருந்து கறுத்த கம்பி,
கம்பி முனையில் சுண்டைக்காய் அளவு கிழங்கு,
மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு.
முழங்கை புதையும் வரை போகும்.
ஜெபமாலையை எவளோ மண்ணுக்குள் போட்டுவிட்டாள்
என்பாள் சகாயராணி.
கடித்துப் பார்த்தேன். கசப்பு,
பிறகு தைலக்கடை வாசம்.

யாரும் சொல்லித் தராமல் ஒன்று தெரிந்தது:
மாலை அறுபடாதவரை
முனையில் இருப்பதுதான் முளைக்கும்.
மற்றதெல்லாம் கண்மூடிக் கிடக்கும்.
அறுத்துவிட்டால்
ஒவ்வொன்றுக்கும் தான்தான் தலைச்சன் என்ற நினைப்பு வந்துவிடும்.
ஒரு செவ்வாய்க்கிழமை நான் இழுத்து அறுத்த இடத்தில்
அடுத்த செவ்வாய் பதினேழு எண்ணினேன்.

சாரிடம் சொல்லவில்லை.
ஜூனில் சின்னவனுக்கு ஃபீஸ் கட்டணும்.
நாலு கிலோ, ஆறு கிலோ, ஒருநாள் ஒன்பது.
களை எடுக்கிறேனா பயிர் வைக்கிறேனா
தராசுக்குத் தெரியவா போகிறது?

மருந்தடித்தார்கள். இலை மட்டும் மஞ்சளாகி
‘சரி, அப்புறம்?’ என்று கேட்டது.
காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில்
பாதி லானை உழுது தின்றுவிட்டுப் போனது,
கூலி கேட்காமல். அதன்மேல்
வனத்துறைக்கு மனு எழுதினார்கள்.

அது பயப்படுவது நிழலுக்குத்தான்.
குளியலறைக்குப் பின்னால் சவ்சவ் கொடி மூடிய இடத்தில்
ஒரு தலைகூட இல்லை.
அதையும் சொல்லியிருக்கலாம்.
சவ்சவ் பந்தலுக்கு அடியில் நின்று
எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுப்பார்கள்?

மார்கழியில் உறைபனி விழுந்தது.
லான் முழுக்கக் கல்லுப்பு. கோரை கருகிச் சாய்ந்தது.
‘தீர்ந்தது’ என்று கையைத் தட்டிக்கொண்டார் சார்.
எங்கள் கணக்கையும் தீர்த்தார்.
கிழங்கு நிறுத்த பழைய சாக்கை
நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மாசியில் என் குத்தகைப் பாத்தியில்,
பூண்டு வரிசைக்கு நடுவே
பூண்டைவிடப் பளபளவென்று ஒன்று.
பூண்டுக்கு நிழல் போடத் தெரியாது.
சாக்கை இங்கேதான் உதறினேன்,
வரப்பில் நின்று, காற்று வாக்கில்.

இழுக்கக் கூடாது.
எனக்குத் தெரியாததா!
மண்வெட்டி எடுத்து வந்து
சுற்றி ஒரு முழம் அகழ்ந்து
மாலை அறுபடாமல் தூக்க வேண்டும்.

கை பழகிவிட்டது போல.
டக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான்
குனிந்து பார்த்தேன்.