பதினொரு மில்லிமீட்டர்

மூஞ்சிக்கல் இறக்கத்தில், மருந்துக்கடை மாடியில்
எங்கள் லேப்.
கொடைக்கானலில் இன்குபேட்டர் மட்டும்தான்
மதுரையில் வாழ்கிறது:
முப்பத்தேழு டிகிரி.
டிசம்பரில் அதன் தலைமேல்
சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சூடாக்குவோம்
நானும் ஃபிலோவும்.
டாக்டருக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு சாம்பிள் டப்பாவில்
என் பெயரையே எழுதினேன்.
அமலோற்பவம், பெண், நாற்பத்தொன்று.
மூன்றாவது தடவை.
ரிப்போர்ட்டும் நானே அடித்தேன்.
மருந்தின் பெயர், எதிரே ஓர் எழுத்து.
ஆர். ஆர். ஆர். ஆர்.
ஆர் என்றால் கேட்காது, எஸ் என்றால் கேட்கும்.
(வீட்டு ஆட்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாம்.)
கடைசி வரியில் ஒரே ஓர் எஸ்.

அந்த ஊசி ஏழு நாள்.
கிருமி போயிற்று.
குடலில் வாடகை தராமல் குடியிருந்த
நல்லதுகளும் கூடவே போயின.
இட்லி தின்றாலும் வயிறு
மேட்டில் ஏறும் பூம்பாறை பஸ்ஸாய் உறுமியது.

மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் டெனிஸ்லாஸ்
பாலாடைக்கட்டி போடுகிறவர்.
ஒரு ஜாம் பாட்டிலில் பாலும்
பாலுக்குள் கொஞ்சம் காலிஃபிளவரும் கொண்டுவந்தார்.
காலிஃபிளவர் இல்லையாம். கெஃபிர் மணி.
"பால் ஊத்து, மறுநாள் வடிகட்டு, குடி.
மூடியை இறுக்காதே, அதுக்கு மூச்சு முட்டும்."

தயிர்தான், ஆனால் தயிர் இல்லை.
நாக்கில் சுருக்கென்று ஒரு சோடா.
பின்னாலேயே
பொங்கி வழிந்த தோசைமாவின் நெடி.

தொழில்புத்தி விடுமா.
சனிக்கிழமை ஃபிலோ போன பிறகு
எறியவேண்டிய என் கிருமியை எடுத்து
ஒரு தட்டு முழுக்கத் தடவினேன்.
அகாரில் மூன்று குழி.
ஒன்றில் கெஃபிர் தெளிவு,
ஒன்றில் பூம்பாறைப் பூண்டுச்சாறு,
ஒன்றில் வெறும் பால்.
தட்டைக் கவிழ்க்காமல் உள்ளே வைத்தேன்.

ஞாயிறு பூசையில்
எழுந்தேன், முழந்தாளிட்டேன், உட்கார்ந்தேன்.
மனசு மதுரையில் இருந்தது.

சாயங்காலம் திறந்தேன்.
பாலின் குழியை ஒட்டி, விளிம்புவரை
ஒரு புள்ளி விடாமல் முளைத்திருந்தது.
பூண்டைச் சுற்றி இருபத்திரண்டு மில்லிமீட்டர் மொட்டை.
பூம்பாறைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.
கெஃபிரைச் சுற்றி
ஒரு சின்ன, தெளிந்த வட்டம்.
ஸ்கேல் வைத்தேன். பதினொன்று.
குழியே ஆறு.
கழித்தால், பக்கத்துக்கு இரண்டரை.

அந்த இரண்டரையை
வெகுநேரம் விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.

வெறும் புளிப்பாகவும் இருக்கலாம்,
எலுமிச்சையும் இதைச் செய்யும்.
அல்லது அந்த மணிக்குள்
பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்
ஒரே பாலுக்குச் சண்டையில்லாமல் கூடியிருந்து
வெளியாளுக்கு மட்டும் ஏதோ காய்ச்சி வைக்கின்றனவோ.
தெரியாது.
தட்டு உடம்பில்லை.
உடம்பில் பித்தம் இருக்கிறது, கடன் இருக்கிறது,
நின்றுகொண்டே செய்கிற பத்து மணி வேலை இருக்கிறது.

திங்கட்கிழமை மன்னவனூர் முத்துராக்கு
பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.
"அக்கா, மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடிக்கலாமா?"
கூடாது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
"கோர்ஸ முடி. முடிச்சிட்டு வா,
ஒரு ஸ்பூன் தர்றேன்."
எனக்கு வயிறு அடங்கிவிட்டது என்பதை
அவளிடம் சொல்லவில்லை.
அதற்கு ஸ்கேல் இல்லை.

தட்டை ஆட்டோகிளேவில் போட்டேன். விதி அது.
என் கிருமி, பூண்டு, கெஃபிர்,
பக்கத்துக்கு இரண்டரை,
எல்லாம் ஒரே சூட்டில்.

பாட்டில் இப்போது இன்குபேட்டரின் தலைமேல்
ஃபிலோவின் புளிச்சோற்றுக்குப் பக்கத்தில்.
குளிரில் மந்தமாய் இருந்தது
இங்கே ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு.
கொடுக்க ஆள் தேட வேண்டும்.
மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தினேன்.
உஸ்ஸ்.